குழி இருக்க வேண்டிய இடம்

திரையில் என் இடது கண்ணைக்
குறுக்கே அறுத்துக் காட்டினார் டாக்டர்.
"நடுவுல ஒரு குழி இருக்கோணும்.
உங்களுக்கு மேடா இருக்குது பாருங்க."
சங்ககிரி ரோட்டோரக் கரடு மாதிரி
ஒன்று எழும்பி நின்றது.
உள்ளே கறுப்புக் கறுப்பாய்ப் பொந்துகள்.
"அது என்னங்க?"
"தண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வளர்மதி தொடையில் கிள்ளினாள்.

இருபத்தாறு வருசம் ரிக் வண்டி.
திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால்
பஸ்தர், பீதர், அனந்தப்பூர் என்று
எட்டு மாதம் கழித்துத்தான் வீடு.
பாறை மாறுவதைச் சத்தத்திலேயே சொல்வேன்.
ஆயிரத்து இருநூறு அடிக்கும்
மாவு மாவாய்ப் புழுதி மட்டும் பறந்த ஊர்களில்
லாரிக்கடியில் வெள்ளைப் பேயாகப் படுத்திருக்கிறேன்.
அங்கெல்லாம் இல்லாத தண்ணீர்
கடுகளவு இடத்தில்
கேட்காமலே ஊறியிருக்கிறது.

ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதாம்.
வலிக்கவேயில்லை.
ராய்ப்பூர் பக்கம் ஒரு விடியலில்
காம்ப்ரசர் மீட்டரைப் பார்த்தேன், முள்ளைக் காணோம்.
மாதேஸைத் திட்டினேன்.
அவன் பாவம்,
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காட்டினான்.

பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுப்போனது
எத்தனை தடவை என்று
டாக்டரிடம் வளர்மதி கணக்குக் கொடுத்தாள்.
தேதியோடு.

மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டாயிற்று.
மேடு இறங்கியது, மறுபடி ஏறியது.
"இனி ஸ்டீராய்டு வெச்சுப் பார்க்கலாம்.
சின்ன ராடு. உள்ளயே கெடந்து
கொஞ்சங் கொஞ்சமாக் கரையும்.
மூணு நாலு மாசம் தாங்கும்."
ராடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
"எத்தன அடிங்க?"
"ஆறு மில்லிமீட்டர்."

விலையைச் சொன்னார்.
கண் அழுத்தம் கூடலாம்,
புரை சீக்கிரம் விழலாம் என்றார்.
"பார்வை வந்துருமுங்களா?"
"வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

முத்தூர்க் குப்பண்ணனிடம்
இதே குரலில்தான் நான் சொன்னேன்:
தண்ணி வந்தாலும் வராட்டியும் அடிக்குக் காசு.
அவர் தென்னைகள் கொண்டை முறிந்து நின்ற வருசம்.
எண்ணூறிலேயே எனக்குத் தெரியும்.
இன்னும் நாலு ராடு என்றார், இறக்கினேன்.
இன்னும் நாலு என்றார்.
பணத்தை எண்ணிக் கொடுத்தவர்
பையன்களுக்கெல்லாம் டீ வாங்கித் தந்துதான் அனுப்பினார்.
இப்போது வளர்மதி
மஞ்சப்பையிலிருந்து எடுத்து எண்ணுகிறாள்.
வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படுக்க வைத்தார்கள்.
கண் மரத்துப்போகச் சொட்டு.
முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டைவிட்ட துணி.
இமைகளைக் கம்பி விரித்துப் பிடித்தது.
"மேல பாருங்க. அசையாதீங்க."
கேசிங் பைப் இறக்கும்போது
நானும் இதைத்தான் கத்துவேன், அசையாதே என்று.
ஒரு அழுத்தல்.
டக்.
பேனாவின் பின்முனையை அமுக்கியதுபோல.
அவ்வளவுதான்.
புகையில்லை, ஊர் கூடவில்லை,
ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை.

மறுநாள் வானத்தைப் பார்த்தால்
நூல் மாதிரி ஏதோ மிதந்தது.
அதுதான் ராடு என்றார்கள்.
ஆறாம் வாரம் மேடு பாதி இறங்கியிருந்தது.
குழி இன்னும் விழவில்லை.
அழுத்தம் ஏறியதற்குத் தனியாக ஒரு சொட்டு,
காலையும் ராத்திரியும்.
ராடு கரைந்தபின் என்னவென்று கேட்டேன்.
"அப்பறம் பார்க்கலாங்க" என்றார்.
அதையும் நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வண்டி இப்போது ராய்ச்சூரில்.
மாதேஸ் ராத்திரி போனில் அடிக்கணக்குச் சொல்கிறான்.
பின்னால் ஹேமர் சத்தம்.
"கருங்கல்லுடா, மெதுவாப் போ" என்கிறேன்.
"அங்கிருந்தே தெரியுதுங்களா?"

தினம் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு
நாள்காட்டி முன்னால் நிற்கிறேன்.
தேதி தெரிகிறது.
கிழமையும், கொஞ்சம் கோணலாக.
ராகு காலம் மட்டும் பிடிபடவில்லை.
"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க" என்று
தாளைக் கிழிக்கிறாள் வளர்மதி.